கவர்னரின் பெயரும் அடிமையின் பெயரும்: ரீயூனியன் தீவை ஒரு பகலில் சுற்றி வருதல்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குத் தென்மேற்கே, பிரான்சின் ஆட்சிப் பகுதியாக இன்றும் இருக்கும் ரீயூனியன் தீவை ஒரே நாளில் வண்டியில் சுற்றி வந்துவிடலாம். பரப்பளவு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். கரையோரம் சுமார் 200 கிலோமீட்டர். விடியுமுன் தலைநகர் சேன் தெனியிலிருந்து கிளம்பி, மேற்குக் கரை வழியே தெற்கே இறங்கி, மலையேறி எரிமலையின் விளிம்பைப் பார்த்துவிட்டு, எரிகுழம்பு உறைந்த கிழக்குக் கரை வழியாக இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது வழிகாட்டிகள் அமைத்துத் தரும் பயணத்தின் வழக்கமான ஒழுங்கு. இந்த ஒரு பகல் சுற்றை ஒரு வரலாற்று நூலைப் போலப் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்க்கலாம் என்பதே நம் எண்ணம். வழிகாட்டி நிறுத்திக் காட்டும் இடங்களோடு, வண்டி வேகம் குறையாமல் கடந்து செல்லும் இடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நிலத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குவதே முறை. இந்தத் தீவு கடலடித் தரையிலிருந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வெளிப்பட்டு உயர்ந்து உருவானது. கடல்மட்டத்துக்கு மேல் அது தலைகாட்டி இருபது, முப்பது லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்பது நிலவியலாளர் கணக்கு. வடமேற்கில் 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஷ் அணைந்து உறங்கும் பழைய எரிமலை. தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்றும் உயிரோடிருப்பது. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. ‘ஃபுர்னேஸ்’ என்பதற்கு உலை என்று பொருள்.

இந்த உலைக்கு நம் நாட்டோடு உள்ள உறவு மனிதர் தோன்றுவதற்கு மிக முந்தியது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இதே ஊற்றுதான் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலத்தட்டு அதன்மீது நகர்ந்து கொண்டிருந்தபோது, தக்காணத்தின் கரும்பாறை அடுக்குகளைக் கொட்டியது என்று நிலவியல் கூறுகிறது. தட்டு வடக்கு நோக்கி நகர நகர, அதே ஊற்று லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளங்களையும், பின்னர் மொரீஷியசையும், கடைசியாக ரீயூனியனையும் ஆக்கியது. அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்த சிற்பிகளின் உளி பட்ட பாறையும், ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களில் தமிழ்க் கூலியாட்கள் பொறுக்கிக் குவித்த கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவை. சங்கப் புலவர் வகுத்த ஐந்திணையில் எரிமலைக்கு இடமில்லை. நம் இலக்கியம் அறியாத அந்த நிலத்துக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்கள் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர்.

லா கிராந்த் ஷலூப்

தலைநகரை விட்டு மேற்கே புறப்பட்டதும் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கடல். இடையில் ஒரு சிறு பள்ளத்தாக்கு திறந்து மூடுகிறது. லா கிராந்த் ஷலூப் என்ற இவ்விடத்தில் பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் நிற்பதில்லை. இங்கேதான் 1860களில் கப்பலிலிருந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளைத் தனித்து அடைத்துவைக்கும் நோய்த்தடுப்பு நிலையம் கட்டப்பட்டது. வைசூரியும் காலராவும் தோட்டங்களுக்குப் பரவாதிருக்க எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. கப்பலில் நோய் இருந்திருந்தால் காவல் நாட்கள் நீளும். சீரமைக்கப்பட்ட கட்டடம் ஒன்று இன்று நினைவிடமாக நிற்கிறது.

இவர்கள் வரவேண்டியிருந்ததன் காரணத்தை அறிய 1848க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள், பாரிசிலிருந்து வந்த ஆணையர் சர்தா கர்ரிகா அடிமை ஒழிப்பைத் தீவில் நடைமுறைப்படுத்தினார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. 1828லேயே யானத்திலிருந்து தெலுங்குத் தொழிலாளர் சிலரைக் கொண்டுவந்து பார்த்த அனுபவமும் இருந்தது. 1860இல் பிரிட்டனோடு ஏற்பட்ட உடன்படிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆளெடுக்க வழி திறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி, உணவு, முடிவில் திரும்பிச் செல்லக் கப்பல் என்பவை தாளில் எழுதப்பட்ட வாக்குறுதிகள். தோட்டத்தில் நடந்தது வேறு. முறைகேடுகள் பற்றிய புகார்கள் பெருகியதால் 1877இல் பிரிட்டிஷ்-பிரெஞ்சுக் கூட்டு விசாரணைக் குழு ஒன்று தீவுக்கு வந்து ஆராய்ந்தது. 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆளனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் வந்து சேர்ந்திருந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாடிய பாரதி பிறந்ததும் அதே 1882ஆம் ஆண்டில்தான். ரீயூனியனுக்குப் போனவர்களின் கப்பல் கணக்கு, அவர்களைப் பற்றிப் பாட ஒருவர் பிறக்குமுன்பே முடிந்துபோயிற்று.

சேன் போல்: முதற்குடிகள்

சேன் போல் நகரத்தில் வழிகாட்டி ஒரு குகையைக் காட்டுவார். ‘முதற் பிரெஞ்சுக்காரர் குகை’ என்பது அதன் பெயர். நிலையான குடியேற்றம் தொடங்கியது 1663இல். அவ்வாண்டு லூயி பாயேன் என்பவரும் மற்றொரு பிரெஞ்சுக்காரரும் மடகாஸ்கரிலிருந்து வந்திறங்கினர். உடன் வந்தவர் பத்து மலகாசியர்: ஆண்கள் ஏழு, பெண்கள் மூன்று. பன்னிருவருள் பதின்மர் மலகாசியராயிருந்தும் குகையின் பெயரில் பிரெஞ்சுக்காரர் மட்டுமே உள்ளனர். சில ஆண்டுகளில் இந்தியக் கரையிலிருந்தும் பெண்கள் சிலர் இங்கு வந்து சேர்ந்தனர். தீவின் பழைய ‘வெள்ளையர்’ குடும்பங்கள் பலவற்றின் கொடிவழியில் இந்த மலகாசி, இந்தியப் பாட்டிமார் இருக்கிறார்கள்.

1715க்குப் பின் மோக்கா காப்பிச் செடி வந்தது. காப்பியோடு அடிமை வாணிகம் பெருகியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களோடு இந்தியாவிலிருந்து வந்த அடிமைகளும் உண்டு. புதுச்சேரியில் ஆட்களைக் கடத்தி இத்தீவுகளுக்குக் கப்பலேற்றிய செய்தி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இடம்பெறுகிறது. எனவே தமிழர் இங்கு வந்த கதை ஒப்பந்தக் கூலிகளிலிருந்து தொடங்குவதில்லை. விலங்கிட்டு வந்தவர்களிலிருந்து தொடங்குகிறது. அவர்களைக் கணக்கெடுக்க நம்மிடம் ஒரு பதிவேடும் இல்லை.

தப்பிய அடிமைகள் தீவின் நடுவிலுள்ள பெரும் பள்ளங்களுக்கு ஓடினார்கள். மலைச் சுவர்கள் சூழ்ந்த அந்தப் பள்ளங்கள் மூன்று: மஃபாத், சிலாவோஸ், சலாசி. இவை மூன்றும் மலகாசி மொழி தந்த பெயர்கள் என்பர். ஓடிப்போனோரின் தலைவன் ஒருவனுடைய பெயரே மஃபாத். அடிமை வேட்டைக்காரன் பிரான்சுவா முசார் அவனை 1751இல் கொன்றான். மஃபாத்துக்கு இன்றும் வண்டிச் சாலை கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். கொன்றவனுக்குப் பரிசும் நிலமும் கிடைத்தன. கொல்லப்பட்டவனின் பெயர் ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் நிலைத்துவிட்டது. இத்தீவில் தோற்றவன் பெயர் வென்ற அரிய இடங்களுள் இது ஒன்று.

எரிமலை விளிம்பில்

சேன் பியேரிலிருந்து மலைச்சாலை ஏறுகிறது. கரும்பு முடிந்து புல்வெளி தொடங்குகிறது. அதுவும் முடிந்து, மரமோ புல்லோ இல்லாத செம்மண் சமவெளி வருகிறது. ‘மணற்சமவெளி’ என்று பெயரிடப்பட்ட அந்தப் பரப்பு, நிலவின் தரையைப் போல இருப்பதாக வருகிற எல்லோரும் சொல்வார்கள். வழியில் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் பெயர் தாங்கிய எரிமலைவாய். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது மூன்று நாட்களில் இங்கே 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அது உலக சாதனை. சென்னையின் ஆண்டு மழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு மூன்றே நாட்களில் கொட்டியிருக்கிறது.

சாலை முடியும் இடம் பா தெ பெல்கோம்ப். இங்கிருந்து கீழே பார்த்தால் செங்குத்துச் சுவர். அடியில் உறைந்த குழம்பின் கரும்பரப்பு. நடுவே எரிமலையின் கூம்பு. சுவரின் அடியில், 1753இல் பொங்கியபோது பிறந்த ஒரு சிவந்த சிறுமேடு. ‘ஃபொர்மிக்கா லியோ’ என்று அதற்குப் பெயர். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழிநரிப் பூச்சியின் இலத்தீன் பெயர்தான் அது.

பெல்கோம்ப் என்பவர் 1767 முதல் 1773 வரை இத்தீவின் ஆளுநர். புதுச்சேரி வரலாறு படித்தவர்களுக்கு அவர் அறிமுகமானவர். பின்னாளில் புதுச்சேரி ஆளுநராகி, 1778இல் ஆங்கிலேயர் முற்றுகையை எதிர்த்து இரண்டு மாதங்களுக்கு மேல் போரிட்டு, இறுதியில் நகரைச் சரணளித்தவர் அவரே. 1768இல் அவர் காலத்தில் எரிமலையைக் காணச் சென்ற குழு இந்தச் சுவரின் விளிம்பில் வழியறியாது நின்றது. கீழே இறங்கும் தடத்தைக் கண்டறிந்தவன் ஜாக்கோப் என்ற அடிமை. இடத்துக்கு ஆளுநர் பெயர் வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வரைபடங்களில் அந்த ஒரு பெயரே இருந்தது. அண்மைக் காலத்தில்தான் ‘பா தெ பெல்கோம்ப்-ஜாக்கோப்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

இரண்டு சொற்களுக்கிடையே இடப்பட்ட அந்தச் சிறு கோடு சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆளுநருக்குக் குலப்பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, பதவிகள் உண்டு. ஜாக்கோபுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்றே உண்டு. அவன் எங்கே பிறந்தான், எப்படி முடிந்தான் என்பது வரலாற்றில் இல்லை. பெயரைச் சேர்ப்பதால் அவனுக்கு நியாயம் கிடைத்துவிடாது. ஆயினும், விளிம்பில் நின்று கீழே இறங்கிக் காட்டியவன் யார் என்ற கேள்வி இனி அங்கு வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும். வரலாற்றாசிரியர் செய்யக்கூடியதும் பெரும்பாலும் அவ்வளவே.

எரிகுழம்புச் சாலை

மலையிறங்கித் தென்கரையில் சேன் ஃபிலிப்பைத் தாண்டினால் ‘பெரும் எரிவு’ என்று பொருள்படும் கிராந்த் ப்ரூலே. எரிமலையின் கிழக்குச் சரிவு கடலில் இறங்கும் இடம். சாலை, உறைந்த குழம்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஒவ்வொரு குழம்பின் ஓரத்திலும் ஆண்டு எழுதிய பலகை: 2002, 2004, 2007. இவ்வளவு துல்லியமாக வயது குறிக்கப்பட்ட நிலத்தை வேறெங்கும் காண்பது அரிது. புதிய குழம்பின் மேல் சாம்பல்நிறப் பாசிப்பூஞ்சை. சற்றுப் பழையதில் பெரணி. இன்னும் பழையதில் சிறுமரங்கள். பாறை மண்ணாகும் முறையைச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பார்த்துவிடலாம்.

2007 ஏப்ரலில் பொங்கியது இந்த எரிமலையின் அறியப்பட்ட வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. குழம்பு சாலையை விழுங்கிக் கடலில் இறங்கி, தீவுக்கு ஏறத்தாழ 45 ஹெக்டேர் புது நிலத்தைச் சேர்த்தது. உச்சியில் இருந்த தொலொமியு எரிமலைவாயின் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் சரிந்து உள்ளே விழுந்தது.

அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன், 1977 ஏப்ரலில், குழம்பு எல்லைச் சுவருக்கு வெளியே வெடித்துக் கிளம்பிப் பித்தோன் சேந்த் ரோஸ் ஊருக்குள் புகுந்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிர்ச்சேதமில்லை. வீடுகள் அழிந்தன. மாதா கோயிலின் வாசல்வரை வந்து, உள்ளே சற்றே நுழைந்து, இருபுறமும் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போயிற்று குழம்பு. இன்று அதற்கு ‘எரிகுழம்பு மாதா கோயில்’ என்றே பெயர். கத்தோலிக்கரோடு தமிழ் வம்சாவளியினரும் இங்கு மெழுகுவத்தி ஏற்றுவது வியப்பில்லை. ஞாயிறன்று மாதா கோயில், வெள்ளியன்று மாரியம்மன் கோயில் என்று வாழ்ந்த குடும்பங்கள் இத்தீவில் மிகுதி. அப்பேரிடரின் விளைவாகவே 1979இல் எரிமலை ஆய்வகம் நிறுவப்பட்டது.

ஒரு சிறுவனின் கட்டைவிரல்

கிழக்குக் கரை ஈரமானது. மரங்களில் வனிலாக் கொடிகள் படர்கின்றன. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட இக்கொடி, மகரந்தம் சேர்க்கும் அந்நாட்டுத் தேனீ இங்கில்லாததால் பூத்தும் காய்க்காதிருந்தது. பெல்ஜியத்தில் சார்ல் மொர்ரேன் 1836இல் செய்து காட்டிய செயற்கை முறை தோட்டத்துக்கு உதவவில்லை. 1841இல் சேந்த் சுசானில், பெல்லியே-பொமோன் என்பவரின் அடிமையான எத்மோன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவின் உட்சவ்வை விலக்கி மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டான். ஒரே ஒரு பகல் மலர்ந்திருக்கும் பூவுக்குச் சில நொடிகள் போதும் என்றாயிற்று. உலகெங்கும் வனிலா விளைவிப்போர் இன்றும் கையாளும் முறை அதுவே.

1848 விடுதலையின்போது அவனுக்கு ‘அல்பியூஸ்’ என்ற குடும்பப்பெயர் தரப்பட்டது. வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததென்பர். கறுத்த இளைஞனுக்கு இப்படியொரு பெயர். பின்னர் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை. முன்னாள் எசமானரின் மனுவால் தண்டனைக் குறைப்பு. தாவரவியலாளர் ஒருவர் அக்கண்டுபிடிப்பு தமதே என்று உரிமை கோரியபோது எத்மோனுக்காக எழுதி வாதிட்டவரும் அந்த எசமானரே. தீவின் வனிலா வாணிகம் செழித்துக்கொண்டிருந்த 1880இல், எத்மோன் அல்பியூஸ் வறுமையில் இறந்தார்.

சேன் அந்த்ரே: பெயர்கள்

பொழுது சாயும்போது வண்டி சேன் அந்த்ரேயை அடைகிறது. தீவில் எஞ்சியுள்ள இரண்டு சர்க்கரை ஆலைகளுள் ஒன்றான புவா ரூழ் இங்கே. மற்றொன்று தென்மேற்கில் லெ கோல். கோபுரமும் வண்ணச் சுதைகளும் தெரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுப்பதற்கான நேரம். வழிகாட்டி ‘மல்பார்’ என்ற சொல்லை உச்சரிப்பார். தமிழ் வம்சாவளியினரைத் தீவு அழைக்கும் பெயர் அது. மலபாரிலிருந்து வந்தவர்கள் மிகச் சிலர். ஆயினும் ஐரோப்பியர் சூட்டிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. பிரெஞ்சுச் சட்டப்படி இன வாரியாகக் கணக்கெடுப்பதில்லை.

நோய்த்தடுப்பு நிலையத்திலிருந்து பதிவேட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயரை எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதினார். தமிழில் குடும்பப்பெயர் இல்லை என்பதை அறியாமல், வந்தவரின் பெயரையே வம்சப்பெயராக்கினர். இன்று ரீயூனியனின் தொலைபேசிப் புத்தகத்தில் முத்துசாமிகளும் ராமசாமிகளும் வேலாயுதங்களும் வீரப்பிள்ளைகளும் பிரெஞ்சு எழுத்தில் உருமாறி நிற்கிறார்கள். முன்னால் ஜான், மரி என்று ஒரு கிறித்தவப் பெயர். ஒரு மனிதரின் பெயர் இவ்வாறு எல்லாத் தலைமுறைக்கும் உரியதாயிற்று. எழுத்துப்பிழையே அடையாளமாயிற்று.

மொழி போய்விட்டது. 1946இல் தீவு பிரான்சின் முழு மாவட்டமாக்கப்பட்ட பின், பள்ளியும் அலுவலகமும் பிரெஞ்சாயின; வீட்டிலும் தெருவிலும் கிரெயோல். ஆனால் மொழி முழுதாய் ஒருநாளும் போவதில்லை. கிரெயோல் சமையலில் கறிவேப்பிலை ‘கலுப்பிலே’, முருங்கை ‘முருங்’, மசாலா ‘மசலே’. கோயிலில் மாரியம்மன் ‘மரியேமன்’. திரௌபதிக்குத் தீமிதிக்கும் விழாவில் அவள் ‘பந்தியாலே’. நம் தெருக்கூத்து அங்கே ‘தமிழ் நடனம்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் வாழ்ந்தது. பொருள் முழுதும் விளங்காத தமிழ்ப் பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப்புத்தகங்களில் எழுதிவைத்துத் தலைமுறைதோறும் பாடினார்கள். இலக்கணம் இழந்த பின்பும் ஓசையைக் காப்பாற்றி வைத்திருந்தது ஒரு சமூகம்.

1970களுக்குப் பின் தமிழ்ச் சங்கங்களும் வகுப்புகளும் தோன்றின. தமிழகத்திலிருந்து சிற்பிகளும் குருக்களும் வந்தனர். தோட்டத்துச் சிறு கோயில்கள் கோபுரங்களாயின. கூடவே ஒரு மனக்கசப்பும் வந்தது. ஆட்டுக்கிடாயும் சேவலும் பலியிட்டு, நோட்டுப்புத்தகம் பார்த்துப் பாடிய பூசாரியின் வழிபாடு ‘முறையற்றது’ என்று ஆகமம் கற்று வந்தவர்கள் சொல்லத் தொடங்கினர். நூறாண்டுக் காலம் யாருடைய உதவியுமின்றிக் காத்ததை, காக்க உதவாத நாட்டிலிருந்து வந்தவர் திருத்துவது என்ன நியாயம் என்ற கேள்வி அங்கு பலருக்கும் உண்டு.

நம் பத்திரிகைகள் ரீயூனியன் தமிழரைப் பற்றி எழுதும்போது இரண்டு குரல்களில்தான் எழுதி வந்திருக்கின்றன. ஒன்று, கடல்கடந்தும் கோபுரம் எழுப்பிய பெருமிதம். மற்றது, தாய்மொழியை மறந்தார்களே என்ற இரக்கம். புலம்பெயர் இலக்கியத்தை வகுப்பறையில் நடத்தும் நாம் இவ்விரண்டையும் ஐயத்தோடு நோக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. பெருமிதம், விலங்கிட்டு வந்த இந்திய அடிமையையும் பெயர் தெரியாத மலகாசிப் பாட்டியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரக்கமோ, அவர்களை இன்னும் நம்முடைய உடைமையாகக் கருதுகிறது. அவர்கள் ஆப்பிரிக்கரோடும் மலகாசியரோடும் சீனரோடும் குஜராத்தி முஸ்லிம்களோடும் ஏழை வெள்ளையரோடும் கலந்து, ஒரு புது மொழியையும் புது உணவையும் ஆக்கிக்கொண்ட தீவு மக்கள். அவர்கள் நமக்குக் கடன்பட்டவர்கள் அல்லர். கடன் இருந்தால் அது நம் பக்கம்தான் இருக்கிறது: கப்பலேறியவர்களின் ஊர்களை, அவர்களை ஏற்றிவிட்ட தரகர்களை, அவர்கள் ஓடிவந்த பஞ்சத்தை, சாதிக் கொடுமையை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை. பதிவேட்டின் மறுமுனை நம் கிராமங்களில் இருக்கிறது.

எரிமலை விளிம்பில் ஆளுநரின் பெயருக்குப் பக்கத்தில் அடிமையின் பெயரைச் சேர்க்க ஒரு தீவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் நின்ற துறைகளில் நாம் எத்தனை பெயர்களைப் பொறித்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள நமக்கு அவ்வளவு காலம் தேவைப்படாதிருக்க வேண்டும்.